சாஃப்ட்வேர் வேலையில் முதல் ஆறு மாதம்: தயங்காமல் டீமில் ஒட்டிக்கொள்ள முழு வழிகாட்டி

கோவையில் சரவணம்பட்டி, கீரணத்தம், விளாங்குறிச்சி டைடல் பார்க் என்று எங்கே சேர்ந்தாலும், முதல் மாதக் கடைசியில் பெரும்பாலான பிரெஷர்கள் ஒரே முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்: சுற்றியிருப்பவர்களுக்கு எல்லாம் தெரிகிறது, தன்னைத் தெரியாமல் எடுத்துவிட்டார்கள், என்றைக்காவது கண்டுபிடித்துவிடுவார்கள். திறமைசாலிகளுக்கே வரும் இந்த எண்ணத்தை 1978-இல் பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் விவரித்தார்கள். இன்று 'இம்போஸ்டர் சிண்ட்ரோம்' என்று ஆளாளுக்குச் சொல்வது அதைத்தான். ஆனால் முதல் வேலையில் இருப்பவர் இந்தப் பெயரைச் சட்டென்று தனக்கு ஒட்டிக்கொள்ள வேண்டாம். ஐந்து வருடமாக அதே புராஜெக்டில் இருப்பவருக்குத் தெரிந்தது உங்களுக்குத் தெரியாதது மனக்கோளாறு இல்லை, நிலவரமே அதுதான். மனசைத் தேற்றிக்கொண்டிருப்பதைவிட வேலை செய்யும் முறையை மாற்றுவது சீக்கிரம் பலன் தரும்: சின்ன வேலையை முழுசாக முடிப்பது, முடித்தது நாலு பேர் கண்ணில் படும்படி வைப்பது, அடுத்ததை அதைவிடக் கொஞ்சம் பெரிதாக எடுப்பது. கீழே இருப்பது அதற்கான முறை.

முதல் வாரம்: லேப்டாப்பில் புராஜெக்ட் ஓட வேண்டும்

இந்த வாரம் உங்களிடம் யாரும் பெரிய கோட் எதிர்பார்ப்பதில்லை. புராஜெக்ட் உங்கள் லேப்டாப்பில் ஓடினால் போதும். ஆனால் அதுவே பலருக்கு நான்கைந்து நாள் இழுக்கும், காரணங்களும் கிட்டத்தட்ட எல்லா இடத்திலும் ஒன்றுதான். அணுகல் அனுமதி வராதது முதல் காரணம். விபிஎன் (கம்பெனி நெட்வொர்க்குக்குள் நுழையும் பாதை), கோட் ரெப்போ (கோட் எல்லாம் இருக்கும் சேமிப்பிடம்), டேட்டாபேஸ், ஜிரா (வேலைகளைப் பதியும் டூல்), லாக் (சர்வர் எழுதிவைக்கும் பதிவு) பார்க்கும் டூல் என ஐந்துக்கும் முதல் நாளே கோரிக்கை போட்டு, டிக்கெட் எண்களைக் குறித்து வையுங்கள். அடுத்தது வெர்ஷன் பொருந்தாதது: புராஜெக்ட் பழைய நோட்.ஜேஎஸ் அல்லது ஜாவா வெர்ஷனில் இருக்கும், நீங்கள் நெட்டில் கிடைத்த புதிதைப் போட்டிருப்பீர்கள். பில்ட் சர்வரில் (எழுதிய கோட் ஓடத் தயாராகும் மெஷினில்) எந்த வெர்ஷன் ஓடுகிறது என்று கேட்டு அதையே போடுங்கள். பாஸ்வேர்டு மாதிரி ரகசிய அமைப்புகள் உள்ள கான்ஃபிக் ஃபைல் ரெப்போவில் இருக்காது, பக்கத்து சீட்டுக்காரரிடம்தான் இருக்கும். இன்னொன்றும் உண்டு, இது பின்னால் கடிக்கும்: விண்டோஸ் ஃபைல் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் பார்க்காது, லினக்ஸ் சர்வர் பார்க்கும். "என் மெஷின்ல ஓடுதுங்க, பில்ட்ல மட்டும் ஃபைல் இல்லைங்குது" என்ற புகாரில் பாதி இதுதான்.

இதையெல்லாம் செய்யும்போது ஒவ்வொரு படியையும் எழுதி வையுங்கள். ரீட்மீ ஃபைலில் (புராஜெக்டை ஓட்டும் முறையைச் சொல்லும் ஃபைல்) எழுதியிருப்பதற்கும் நடந்ததற்கும் வித்தியாசம் கட்டாயம் இருக்கும். அந்த நாலு வரியைத் திருத்தி அனுப்புவதே உங்கள் முதல் பி.ஆர். (புல் ரிக்வஸ்ட்: உங்கள் மாற்றத்தைப் பார்த்துச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கை) ஆகட்டும். இதில் எதுவும் உடையாது, லீட் (டீமை நடத்துபவர்) மறுக்கமாட்டார், பிராஞ்ச் (மாற்றம் செய்யத் தனிக் கிளை) எடுப்பதில் இருந்து மெர்ஜ் (அதைப் பொதுக் கோடோடு சேர்ப்பது) வரை மொத்தப் பாதையும் ஒருமுறை கைக்குப் பழகிவிடும்.

கோட் படிப்பது: ஒரே ஒரு பட்டனைப் பிடித்துக்கொண்டு போங்கள்

ஃபோல்டர் ஃபோல்டராகத் திறந்து படித்தால் மூன்றாம் நாள் தூக்கம்தான் வரும். அப்ளிகேஷனில் தினமும் யாராவது அழுத்தும் ஒரு பட்டனைத் தேர்ந்தெடுங்கள், உதாரணமாக ஆர்டர் ஸ்கிரீனில் 'சேவ்'. பிரவுசரில் எஃப் 12 அழுத்தி நெட்வொர்க் டேபைத் திறந்து வைத்துக்கொண்டு அந்தப் பட்டனை அழுத்துங்கள். எந்த முகவரிக்கு ரிக்வஸ்ட் போகிறது, என்ன டேட்டா போகிறது, என்ன திரும்பி வருகிறது என்று தெரியும். அந்த முகவரியை கோடில் தேடுங்கள். அதைப் பிடித்துக்கொள்ளும் ஃபங்ஷன், அது கூப்பிடும் அடுத்தது, கடைசியில் எந்த டேபிளில் எழுதுகிறது என்பது வரை ஒரு தாளில் அம்புக்குறி போட்டு வரையுங்கள். பெரும்பாலும் ஐந்திலிருந்து எட்டு ஃபைலுக்குள் முடிந்துவிடும். மற்ற ஸ்கிரீன்களும் ஏறக்குறைய அதே பாதையில்தான் போகும். இப்படி மூன்று பட்டன் பார்த்தவருக்கு மீட்டிங்கில் பேசுவது பாதிக்கு மேல் புரிய ஆரம்பிக்கும்.

வேலையை வாங்கும்போது

லீட் டிக்கெட்டை (ஜிராவில் பதிந்த வேலையை) விளக்கி முடித்ததும் "சரிங்கண்ணா" என்று எழுந்து வந்துவிடுவது நம் பக்கத்துப் பிள்ளைகளிடம் அதிகம். பெரியவர் சொல்லும்போது குறுக்கே பேசக் கூடாது என்று வளர்ந்த பழக்கம். ஆபீஸில் அது ஆபத்து: நீங்கள் மரியாதைக்குத் தலையாட்டியதை, புரிந்துகொண்டதாகவும் வியாழக்கிழமை முடித்துத் தருவதாகவும் அவர் எடுத்துக்கொள்வார். எழும் முன்பு நீங்கள் புரிந்துகொண்டதைத் திருப்பிச் சொல்லுங்கள்: "அப்போ கேன்சல் ஆன ஆர்டர் ரிப்போர்ட்ல வரக்கூடாது, ஆனா டேட்டாபேஸ்ல இருக்கோணும், அப்படித்தானுங்களே?" சீட்டுக்கு வந்ததும் அதையே டிக்கெட்டில் இரண்டு வரி கமெண்டாகப் போட்டுவிடுங்கள். இதை யாரும் மரியாதைக் குறைவாக நினைப்பதில்லை.

எப்போது முடியும் என்று கேட்டால் உடனே நாள் சொல்லாதீர்கள். அரை நாள் துண்டுகளாக வேலையை உடைத்துப் பாருங்கள். ஏதாவது ஒரு துண்டு இரண்டு நாளுக்கு மேல் போனால், அங்கே உங்களுக்குத் தெரியாதது ஏதோ ஒளிந்திருக்கிறது. அதை முதலில் கிளறுங்கள். கோட் எழுதும் நேரத்தோடு ரிவியூவுக்குக் (மற்றவர் கோட் சரிபார்ப்பதற்கு) காத்திருப்பது, டெஸ்ட், டிப்ளாய் (சர்வரில் ஏற்றுவது) எல்லாம் சேர்த்து "மூணுல இருந்து அஞ்சு நாள்" என்று சொல்லலாம். சொன்ன நேரத்தில் பாதி போய், வேலை பாதி ஆகவில்லை என்றால் அன்றைக்கே சொல்லிவிட வேண்டும். கடைசி நாள் மாலை சொல்லும் தாமதத்தைத்தான் மேனேஜர்கள் மறப்பதில்லை.

மாட்டிக்கொண்டால் எப்படிக் கேட்பது

மற்றதையெல்லாம் மேலோட்டமாகப் படித்தாலும் இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள். புதியவர்கள் கெட்டுப்போவது இங்கேதான். ஒரு சாரார் ஐந்து நிமிடத்தில் ஓடிவந்து கேட்பார்கள், இன்னொரு சாரார் இரண்டு நாள் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பார்கள். டீமுக்கு இரண்டாவதுதான் பெரிய நஷ்டம். முப்பது முதல் நாற்பத்தைந்து நிமிடம் சொந்தமாகப் பாருங்கள், அதற்கு மேல் புதிதாக ஒன்றும் தெரியவரவில்லை என்றால் கேட்டுவிடுங்கள். அனுமதி, பாஸ்வேர்டு, கம்பெனிக்குள் மட்டும் தெரிந்த விஷயம் என்றால் ஐந்து நிமிடம்கூடக் காத்திருக்க வேண்டாம். கூகுளில் அது கிடைக்காது.

கேட்கும் முன் எரரை முழுசாகப் படியுங்கள். பைத்தானில் உண்மையான எரர் கடைசி வரியில் இருக்கும். ஜாவாவில் மேலே ஒன்று தெரியும், ஆனால் மூலகாரணம் பெரும்பாலும் கீழே கடைசியாக வரும் 'காஸ்டு பை' (Caused by) வரியில்தான் உண்டு. இதை மாற்றிப் படித்துவிட்டு ஒரு மதியம் முழுக்க வேறு இடத்தில் தேடுபவர்கள் நிறைய. அதேபோல 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு' வேறு, 'டைம்அவுட்' வேறு. ரெஃப்யூஸ்டு என்றால் அந்த மெஷின் வரை போய்விட்டது, அந்தப் போர்ட்டில் (மெஷினின் எண்ணிட்ட வாசலில்) கேட்க ஆளில்லை: சர்வீஸ் நின்றிருக்கலாம், போர்ட் எண் தப்பாக இருக்கலாம். டைம்அவுட் என்றால் பதிலே வரவில்லை: விபிஎன், ஃபயர்வால் பக்கம் பாருங்கள். சர்வர் பதிலில் 401 வந்தால் லாகின் செல்லவில்லை, 403 வந்தால் லாகின் சரி, அனுமதி இல்லை.

இப்போது மெசேஜ். டீம்ஸிலோ ஸ்லாக்கிலோ "ஹாய் அண்ணா, ஃப்ரீயா?" என்று போட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்காதீர்கள். அவர் மீட்டிங்கில் இருந்து வந்து "சொல்லுப்பா" என்பதற்குள் மதியம் ஆகிவிடும். என்ன செய்ய முயன்றீர்கள், என்ன நடந்தது, என்னென்ன பார்த்தாயிற்று, உங்கள் ஊகம் என்ன என்ற நாலும் ஒரே மெசேஜில் இருக்கட்டும்:

"அண்ணா, ஆர்டர் ஸ்கிரீன்ல சேவ் பண்ணுனா 500 வருதுங்க. என் லேப்டாப்ல வரலை, க்யூஏ சர்வர்ல மட்டும்தான். லாக்ல கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு, லோக்கல்ஹோஸ்ட் 5432-ன்னு இருக்குதுங்க. க்யூஏ டேட்டாபேஸ் ஓடுது, டூல்ல இருந்து கனெக்ட் ஆகுது. கான்ஃபிக்ல ஹோஸ்ட் பேர் மாத்தாம விட்டிருப்பாங்கன்னு நினைக்கிறேன். க்யூஏ கான்ஃபிக் எங்கே இருக்குதுங்க?"

படித்தவருக்கு ஒரு நிமிட வேலை. 500 என்றால் சர்வருக்குள் வந்த எரர், க்யூஏ சர்வர் என்பது டெஸ்ட் செய்யும் சர்வர், 5432 போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் வழக்கமாக உட்காரும் போர்ட், லோக்கல்ஹோஸ்ட் என்பது அப்ளிகேஷன் ஓடும் அதே மெஷின். டேட்டாபேஸ் வேறு மெஷினில் இருக்க, இது தன் வீட்டுக்குள்ளேயே தேடிக்கொண்டிருக்கிறது. இப்படி ஒரு கேள்வியை எழுதும்போதே பாதி நேரம் விடை தெரிந்துவிடும். எரரை ஸ்கிரீன்ஷாட்டாக அனுப்பாமல் எழுத்தாகவே ஒட்டுங்கள், அவர் அப்படியே தேடிப்பார்க்க வசதி. விடை கிடைத்ததும் அதே த்ரெட்டில் எதனால் வந்தது என்று ஒரு வரி போட்டு முடியுங்கள். அடுத்து மாட்டுபவருக்கு உதவும், முடித்துவைக்கிற ஆள் என்ற பெயரும் கிடைக்கும்.

சாட்ஜிபிடி, கோபைலட் போன்ற ஏஐ டூல்களைப் பயன்படுத்தலாமா? கம்பெனி அனுமதித்த டூலில் மட்டும். கஸ்டமர் டேட்டாவையும் பாஸ்வேர்டையும் எதிலும் ஒட்டக் கூடாது. அது எழுதிக் கொடுத்ததில் ஒரு வரியை எதற்கென்று உங்களால் விளக்க முடியவில்லை என்றால் அந்த வரி உள்ளே போகக் கூடாது. ரிவியூவில் "இது ஏன்?" என்ற கேள்விக்கு "ஏஐ கொடுத்துச்சுங்க" என்பதைவிட மோசமான பதில் இல்லை.

பி.ஆர். அனுப்புவதும் திட்டு வாங்குவதும்

ஒரு பி.ஆர். 200 வரி மாற்றத்துக்குள் இருந்தால் பார்ப்பவர் படிப்பார். 400-ஐத் தாண்டினால் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு அப்ரூவ் பண்ணிவிடுவார், பக் (கோடில் உள்ள தவறு) கஸ்டமர் பயன்படுத்தும் ப்ரொடக்‌ஷனில் வெடிக்கும். பெயர் மாற்றுவது, ஃபார்மேட் செய்வது ஒரு பி.ஆர்., லாஜிக் மாற்றுவது தனி பி.ஆர். அனுப்பும் முன் நீங்களே ரிவியூவர் மாதிரி டிஃப் (என்னென்ன மாறியது என்ற பட்டியல்) முழுவதையும் ஒருமுறை படியுங்கள். மறந்துவிட்ட பிரின்ட் வரிகளும், தேவையில்லாமல் தொட்ட ஃபைலும் அப்போதுதான் கண்ணில் படும். கமிட் மெசேஜின் (மாற்றத்தைப் பதியும்போது எழுதும் குறிப்பின்) முதல் வரி 50 எழுத்துக்குள் இருப்பது வழக்கம். "ஃபிக்ஸ்" என்று மட்டும் எழுதாதீர்கள்.

முதல் பி.ஆர்.-க்கு இருபது கமெண்ட் வரும். வரத்தான் வேண்டும். அதில் 'நிட்' என்று தொடங்குபவை சின்ன விஷயம், சட்டென்று செய்துவிடுங்கள். புரியாததைப் புரியவில்லை என்றே கேளுங்கள். உடன்பாடு இல்லை என்றால் காரணத்தோடு சொல்லலாம், மரியாதைக்காக ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஒரே விஷயத்துக்கு இரண்டு முறை பதிலுக்குப் பதில் போய்விட்டால் தட்டச்சை நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் நேரில் பேசிவிடுங்கள். ஒரே மாதிரிக் கமெண்ட் திரும்ப வந்தால் அது உங்கள் சொந்த செக்லிஸ்டில் ஏற வேண்டிய வரி. மூன்று மாதத்தில் அந்தப் பட்டியல் பத்து வரி ஆகும், கமெண்டும் தானாகக் குறையும்.

பயத்தைக் குறைக்கும் பாதுகாப்பு

தைரியமாகத் தொடாததற்குக் காரணம் "எதையாவது உடைச்சுட்டா?" என்ற பயம். உடைத்தாலும் திரும்ப எடுக்க வழி தெரிந்தால் அந்தப் பயம் பாதியாகிவிடும். கிட் (கோட் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் டூல்) என்பதில் ஒருமுறை கமிட் செய்தது சுலபத்தில் தொலையாது. பிராஞ்சையே அழித்துவிட்டாலும் 'கிட் ரீஃப்ளாக்' உங்கள் லேப்டாப்பில் அதன் தடத்தைக் காட்டும், வழக்கமான அமைப்பில் குறைந்தது 30 நாள் வரை. கமிட் செய்யாத மாற்றத்துக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை, 'ரீசெட் ஹார்டு' கொடுத்தால் போனது போனதுதான். மணிக்கொரு முறை சொந்த பிராஞ்சில் கமிட் செய்யச் சொல்வது அதனால்தான். எந்த மாற்றத்தில் உடைந்தது என்று தெரியாவிட்டால் 'கிட் பைசெக்ட்' பாதி பாதியாகப் பிரித்துத் தேடும். 1000 கமிட் இருந்தாலும் சுமார் 10 முறை சோதித்தால் உடைத்த கமிட்டைப் பிடித்துவிடலாம்.

டேட்டாபேஸில் கவனம் இன்னும் கூட வேண்டும். மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ் இரண்டிலும் நீங்கள் 'பிகின்' கொடுத்துத் தொடங்காவிட்டால் ஒவ்வொரு கட்டளையும் அப்போதே கமிட் (நிரந்தரப் பதிவு) ஆகிவிடும். ஆகவே அப்டேட் போடும் முன் அதே 'வேர்' (where: எந்தப் பதிவுகள் என்று குறிப்பது) நிபந்தனையோடு செலக்ட் போட்டு எத்தனை ரோ (பதிவு வரிசை) என்று பாருங்கள். பிறகு 'பிகின்', அப்டேட். எண்ணிக்கை பொருந்தினால் 'கமிட்', இல்லாவிட்டால் 'ரோல்பேக்' (பழைய நிலைக்குத் திருப்புவது). 12 ரோ மாற வேண்டிய இடத்தில் 48,000 என்று வந்தால் 'வேர்' விட்டுப்போயிற்று என்று அர்த்தம்.

அதையும் மீறி ப்ரொடக்‌ஷனில் ஏதாவது ஆகிவிட்டால்: மேலும் எதையும் தொடாதீர்கள், லீடிடம் உடனே சொல்லுங்கள், என்ன கட்டளை எத்தனை மணிக்கு ஓட்டினீர்கள் என்று அப்படியே எழுதிக் கொடுங்கள். யாருக்கும் தெரியாமல் சரிசெய்யப் போய்த்தான் ஒரு டேபிளில் இருந்த சேதம் மூன்று டேபிளுக்குப் பரவுகிறது. பாஸ்வேர்டோ கீயோ ரெப்போவில் ஏறிவிட்டால் அந்தக் கமிட்டை அழிப்பது போதாது, கீயையே மாற்ற வேண்டும்.

ஸ்டாண்ட்அப், கால், இங்கிலீஷ்

தமிழ் மீடியத்தில் படித்தவர்கள் பயப்படுவது இலக்கணத்துக்கு. எதிரில் கேட்பவர் கவனிப்பதோ தெளிவை. ஸ்டாண்ட்அப்பில் (டீமின் தினசரிக் குட்டி மீட்டிங்கில்) பேசுவதை முந்தின நாள் மாலையே மூன்று வரியாக எழுதி வையுங்கள்: நேற்று முடிந்தது, இன்று செய்வது, தடை. முப்பது நொடிக்குள் முடியும். தெரியாத கேள்வி வந்தால் சொல்ல ஒரு வாக்கியம் நாக்கில் தயாராக இருக்கட்டும்: "லெட் மீ செக் அண்ட் கெட் பேக் டு யூ பை ஃபோர்." நான்கு மணி என்றால் நான்கு மணிக்குப் பதில் போக வேண்டும், விடை கிடைக்காவிட்டாலும். எதிர்முனைப் பேச்சு வேகமாக இருந்தால் கேப்ஷனைப் போட்டுக்கொள்ளுங்கள், மீட்டிங் முடிந்ததும் முடிவுகளை நான்கு வரியில் எழுதி அனுப்பும் வேலையை நீங்களே கேட்டு வாங்குங்கள். பேசத் தயங்குபவர் கண்ணில் பட இதைவிட நல்ல வழி கிடையாது.

அமெரிக்க கிளையன்ட் என்றால் மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் அவர்கள் கடிகாரம் மாறும். நியூயார்க் காலை 9 மணி நமக்குக் கோடையில் மாலை 6.30, குளிர்காலத்தில் 7.30. அன்னூர், சத்தி, கோபி பக்கம் பஸ்ஸில் போய்வருபவர்கள் சேரும்போதே இதைச் சொல்லி, குளிர்கால மீட்டிங்கை வீட்டிலிருந்து எடுக்க அனுமதி வாங்கிவிடுவது நல்லது. வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள் மின்வாரியத்தின் பராமரிப்பு நிறுத்த அறிவிப்பை முந்தின நாளே பார்த்து டீமில் சொல்லிவிடுங்கள். காலை 9 மணிக்குக் கரண்ட் போனபிறகு சொல்வது சாக்குப்போக்கு மாதிரித் தோன்றும்.

நம்ம ஊர்த் தொழில் தெரிந்திருப்பது

புதியவர்கள் தங்களிடம் இருப்பதாகவே நினைக்காத சரக்கு இது. திருப்பூர் பனியன், ஈரோடு மஞ்சள், கோவை பம்ப், கரூர் வீட்டு உபயோகத் துணி, நாமக்கல் முட்டையும் லாரியும் என்று இங்கே எழுதப்படும் சாஃப்ட்வேரில் கணிசமானது இந்தத் தொழில்களுக்குத்தான். மில்லில் வேலை பார்த்த அப்பாவோ, ஜாப் ஒர்க் எடுக்கும் மாமாவோ வீட்டில் இருந்தால் சீனியருக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

ஒரு ஸ்பின்னிங் மில் ரிப்போர்ட்டை எடுத்துக்கொள்வோம். நைட் ஷிப்ட்டில் 14-ஆம் தேதி அதிகாலை 2 மணிக்குப் பதிந்த உற்பத்தி, 13-ஆம் தேதிக் கணக்கில் போய் விழுகிறது. டெஸ்டர் பகலில் பார்க்கிறார், எல்லாம் சரியாக இருக்கிறது. காரணம்: சர்வர் நேரத்தை யுடிசி-யில் (உலகப் பொது நேரத்தில்) சேமிக்கிறது, நாம் அதைவிட 5 மணி 30 நிமிடம் முன்னால். அதிகாலை 2 மணி அங்கே முந்தின நாள் இரவு 8.30. தேதியை மட்டும் வெட்டி எடுத்தால், நள்ளிரவுக்கும் காலை 5.30-க்கும் இடையில் பதிந்த அத்தனையும் ஒருநாள் பின்னால் போகும். இந்திய நேரத்துக்கு மாற்றிவிட்டுத் தேதியை எடுத்தால் இது தீரும். ஆனால் அடுத்த கேள்வியைக் கோட் கேட்காது, மில் தெரிந்தவர்தான் கேட்பார்: இரவு தொடங்கி விடியும் ஷிப்ட்டை மில்லில் எந்தத் தேதியில் எழுதுகிறார்கள்? பல இடங்களில் ஷிப்ட் தொடங்கிய தேதியில். அப்படியென்றால் நேரத்தைத் திருத்துவது மட்டும் போதாது, ஷிப்ட் தேதி என்று டேபிளில் தனி நெடுவரிசையே வேண்டும். மீட்டிங்கில் இந்தக் கேள்வியைக் கேட்கும் பிரெஷரை அப்புறம் யாரும் பிரெஷராகப் பார்ப்பதில்லை.

பழகுவது

மேனேஜரைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூச்சமாக இருக்கும். மெயிலிலும் போன் காலிலும் பெயர் மட்டும் போதும், நேரில் தமிழில் பேசும்போது "அண்ணா", "அக்கா" வந்தால் யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. டீ குடிக்கப் போகும் கூட்டத்தோடு வாரத்தில் இரண்டு நாளாவது போங்கள். எந்த சர்வர் மக்கர் பண்ணுகிறது, எந்த ரிலீஸ் தள்ளிப்போகிறது என்பதெல்லாம் அங்கேதான் முதலில் தெரியும். பார்ட்டி, டூர் எல்லாவற்றுக்கும் போக வேண்டியதில்லை. டெஸ்டரோடும் சப்போர்ட் ஆட்களோடும் நல்லபடியாக இருங்கள், கஸ்டமர் எங்கே திட்டுகிறார் என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

வெள்ளிக்கிழமை நோட்டு

வாரக் கடைசியில் கால் மணி நேரம் ஒதுக்கி மூன்று விஷயம் எழுதுங்கள்: முடித்தது டிக்கெட் எண்ணோடு, மாட்டிக்கொண்ட இடம், அதிலிருந்து எப்படி வெளியே வந்தீர்கள். மார்ச், ஏப்ரலில் அப்ரைசல் வரும்போது "நிறைய வேலை செஞ்சேனுங்க" என்று சொல்வதற்குப் பதில் "இந்த ரிப்போர்ட் 40 நொடி எடுத்தது, இண்டெக்ஸ் போட்டு 3 நொடி ஆக்கினேன்" என்று தேதியோடு சொல்லலாம். மனசு சோர்ந்த நாளில் ஆறு மாதம் முந்தைய பக்கத்தைத் திருப்பினால், அன்று இரண்டு நாள் இழுத்த எரர் இன்று பத்து நிமிட வேலை என்பது கண்ணுக்குத் தெரியும்.

டீமே சரியில்லை என்றால்

எல்லாப் பழியையும் தன்மேல் போட்டுக்கொள்ளவும் வேண்டாம். கேள்வி கேட்டால் எல்லோர் முன்பும் நக்கல், மூன்று மாதமாக எக்செல் நிரப்பும் வேலை மட்டும், ரிவியூவே இல்லை, பக் வந்தால் கடைசியாகச் சேர்ந்தவர் தலையில் கட்டுவது: இவை உங்கள் திறமைக் குறைவால் வருபவை இல்லை. முதலில் லீடிடம் தனியாக, தேதியும் உதாரணமும் வைத்துக்கொண்டு, என்ன மாதிரி வேலை வேண்டும் என்று குறிப்பாகக் கேளுங்கள். ஒரு மாதம் பாருங்கள். மாற்றம் இல்லாவிட்டால் மேனேஜரிடம் வேறு டீம் கேளுங்கள், பெரிய கம்பெனியில் இது நடக்கக்கூடியதுதான். அதுவும் இல்லையென்றால் வெளியே தேடுங்கள். ஆனால் ஆஃபர் லெட்டர் கைக்கு வராமல் பேப்பர் (ராஜினாமா) போடாதீர்கள். சேரும்போது கையெழுத்துப் போட்ட தாளை எடுத்து நோட்டீஸ் பீரியட் எத்தனை நாள் என்று பாருங்கள், 60, 90 நாள் என்றெல்லாம் இருக்கும். புது இடத்தில் அந்தத் தேதிவரை காத்திருப்பார்களா என்பதை இன்டர்வியூவிலேயே கேட்டு, மெயிலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.